காட்டுக்குள்ள தங்கப் போறீங்களா? எங்கட ஆக்கள் அடிக்கடி விடுற பிழையள்

திருமலையில (திருகோணமலை) இருந்து ஹபரணை 80, 85 கிலோமீட்டர்தான், அதனால எங்கட சனத்துக்கு அந்தக் காடு பக்கத்து வளவு மாதிரி ஒரு நினைப்பு. மண்சுவர், புல்லுக் கூரை, ஏசி இல்ல, சிக்னல் இல்ல எண்டு போட்டோவப் பாத்த உடன ஆசை வந்து, ஒரு வான் பிடிச்சு குடும்பத்தோட வெளிக்கிட்டிடுவம். நானும் முதல் தரம் அப்பிடித்தான் போனன். போகக்குள்ள அம்மா ஒரு சீப்பு கதலிப்பழமும் ஒரு பை மாம்பழமும் கட்டித் தந்தவ, அத அப்பிடியே ரூமுக்குள்ள கட்டிலுக்குக் கீழ வச்சிட்டுப் படுத்திட்டம். இரவு ஒரு மணி போல சுவருக்கு அங்கால பெரிசா மூச்சு விடுற சத்தம், எழும்பி இருக்க மண் உதிருது, பாத்தா தும்பிக்கை ஜன்னலுக்குள்ளால வந்து நிலத்தத் தடவுது. காவலுக்கு இருந்த ஐயா ஓடி வந்து யானைவெடி ஒண்டு போட்டுத்தான் கலைச்சவர். ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்ல, ஆனா என்ர மகள் விடியும்வரைக்கும் என்ர கையை விடேல்ல. அந்த யானை தன்ர பாட்டுக்கு குளத்துக்குப் போன யானை, நாங்கதான் மாம்பழ வாசத்தக் காட்டிக் கூப்பிட்டிருக்கிறம்.

அதனால முதல் சொல்லுறது சாப்பாட்டப் பற்றித்தான். ரூமுக்குள்ள பழம், அரிசி, உப்பு, பிஸ்கட், முறுக்கு ஒண்டுமே வைக்காதீங்க. யானைக்கு மூக்கு எவ்வளவு கூர்மை எண்டது கந்தளாய்ப் பக்கம் வீட்டுக்குள்ள நெல்லு மூட்டை அடுக்கி வச்சிருக்கிற சனத்துக்கு நல்லாத் தெரியும், சீமெந்துக் கல்லுச் சுவரையே தள்ளி விழுத்திட்டு நெல்லத் திண்டிட்டுப் போகும், அதுக்கு மண்சுவர் என்ன கணக்கு. கொண்டு போற சாப்பாட்ட எல்லாம் போன உடன சமையலறைக்காரரிட்டக் குடுத்திடுங்க, அவங்க அத எங்க வைக்கிறது எண்டு தெரிஞ்சவங்க. பிள்ளையள் கட்டில்ல இருந்து பிஸ்கட் திண்டா துகள் விழும், துகளுக்கு எறும்பும் எலியும் வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும். இந்தச் சங்கிலிய எங்கட ஆக்கள் யோசிக்கிறதே இல்ல.

பாம்பு எண்டதும் அடுத்த பெரிய பிழை ஞாபகம் வருது, இதக் கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும். நாலு பேருக்கு புக் பண்ணிட்டு எட்டுப் பேர் போய் இறங்குவம், மிச்சப் பேர் நிலத்தில பாய் விரிச்சுப் படுப்பினம். வீட்டில கலியாணத்துக்கு அப்பிடிப் படுக்கலாம், காட்டுக் குடிலில வேண்டவே வேண்டாம். கட்டுவிரியன் (சிங்கள ஆக்கள் கரவலா எண்டு சொல்லுறது) இரவில திரியிற பாம்பு, நிலத்தில நித்திரையா இருக்கிற ஆக்களத்தான் கூடுதலாக் கடிக்கும். கடிச்சா நோவும் பெரிசா இராது, வீக்கமும் இராது, சில நேரம் கடிச்ச அடையாளமே கண்ணுக்குத் தெரியாது. விடியப்புறம் வயித்துக்குள்ள நோகுது எண்டு எழும்புவினம், நாங்க ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்ல எண்டு நினைச்சு வெந்தயமும் இஞ்சியும் குடுத்துக்கொண்டு இருப்பம், அதுக்குள்ள கண் இமை தொங்கத் தொடங்கி, பேச்சுக் குழறி, மூச்சு விடக் கஷ்டமா வந்திடும். காட்டில நிலத்தில படுத்த ஒருத்தருக்கு விடியக் காலம காரணமில்லாம வயித்து நோ எண்டா அத பாம்புக்கடி எண்டே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இறுக்கிக் கட்டுறது, வெட்டுறது, வாயால உறிஞ்சுறது, வேரரைச்சுப் பூசுறது ஒண்டும் வேண்டாம். 1990க்கு எடுத்தா அம்புலன்ஸ் வரும், காசு எடுக்க மாட்டினம். விஷ முறிவு மருந்து ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. போக முதலே கிட்டவா இருக்கிற ஆஸ்பத்திரி எது, கந்தளாயா வேற இடமா எண்டு கேட்டு வச்சிருங்க, அங்க போய்ச் சிக்னல் இல்லாம தேட ஏலாது.

கட்டில்ல படுத்து, நுளம்பு வலைய மெத்தைக்குக் கீழ நாலு பக்கமும் செருகிட்டுப் படுத்தாலே பாதிப் பயம் போயிடும். 2016ல உலக சுகாதார அமைப்பு இலங்கையில மலேரியா இல்ல எண்டு அறிவிச்சது உண்மைதான், அதுக்காக வலை தேவையில்ல எண்டு நினைக்காதீங்க, நுளம்போட சேத்துப் பாம்பு, தேள், நட்டுவக்காலி எல்லாத்தையும் அந்த வலைதான் தடுக்கும். காலம சப்பாத்தப் போட முதல் கவிட்டுத் தட்டுங்க. இரவில டொய்லட்டுக்குப் போறதெண்டா வெறுங்காலோட போகாதீங்க, போன் வெளிச்சம் காணாது, நல்ல டோர்ச் ஒண்டு வேணும், கால் வைக்கிற இடத்தப் பாத்து வையுங்க. புடையன் பாம்பு பாதையோரம் சருகுக்குள்ள கிடந்தா பக்கத்தில நிண்டாலும் தெரியாது.

பிறகு வெளிக்கிடுற நேரம். வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு திருமலையில இருந்து வெளிக்கிட்டா கந்தளாய் தாண்டக்குள்ள இருட்டிடும், அங்கால கல்ஓயா, ஹபரணை எண்டு ரோட்டு முழுக்க யானை குறுக்க போற இடம். காட்டுப் பாதையில உள்ளுக்குப் போறது இன்னும் மோசம். பின்னேரம் நாலு மணிக்கு முதல் போய்ச் சேரப் பாருங்க. ரோட்டில யானை நிண்டா தூரத்திலயே நிப்பாட்டுங்க, ஹோர்ன் அடிக்காதீங்க, லைட்டக் கூட்டிக் கூட்டிக் காட்டாதீங்க, அது போக வழி விடுங்க. வாழைப்பழம் எறியிற பழக்கத்த எங்கட ஆக்கள் தயவுசெய்து விட வேணும், அது சட்டப்படியும் பிழை, அப்பிடிப் பழகின யானை அடுத்த நாள் வாகனத்த மறிக்கும், அடுத்த வான்ல போற பிள்ளையளுக்குத்தான் ஆபத்து.

குளம். இதில எனக்கு உண்மையாவே கோபம் வரும். நாங்க கடலுக்குப் பக்கத்தில பிறந்த ஆக்கள், தண்ணியக் கண்டா இறங்கிடுவம். நிலாவெளியில இறங்குற மாதிரி காட்டுக் குளத்தில இறங்கக் கூடாது, அந்தப் பக்கத்துக் குளங்களில முதலை இருக்கு, கரையில நிண்டு கால் கழுவுறதும், பொழுது படக்குள்ள சட்டி கழுவுறதும் கூட ஆபத்து. அங்க வேலை செய்யிற ஆக்கள் குளிக்கிற இடத்தில மட்டும், அவங்க சரி எண்டு சொன்னா மட்டும் குளியுங்க. அவங்களில கனபேருக்குத் தமிழ் வராது, அதனால ரெண்டு மூண்டு சிங்களச் சொல்லுத் தெரிஞ்சு வச்சிருந்தா நல்லம்: அலியா எண்டா யானை, வலஹா எண்டா கரடி, கிம்புலா எண்டா முதலை. இந்தச் சொல்லு காதில விழுந்தா நிண்ட இடத்திலயே நில்லுங்க, கேள்வி பிறகு கேக்கலாம்.

கரடியப் பற்றி ஒரு வரி. பாலைப்பழக் காலம், கோடையில, கரடி பாலை மரத்தச் சுத்தியே திரியும், பழம் பொறுக்க எண்டு தனியக் காட்டுக்குள்ள போகாதீங்க. யானையாவது தூரத்தில தெரியும், கரடி திடீரெண்டு கிட்டவா வரும்.

ஸ்பீக்கர் கொண்டு போகாதீங்க. முழுக்கைச் சட்டை, வெளிர் நிறம், உண்ணி ஏறினா தெரியும். பவர் பேங்க் கட்டாயம், சோலார் இரவில ஒரு பல்ப்புக்குத்தான் காணும்.

எந்த மாசம் போறது எண்டதிலயும் பிழை விடுறம். டிசம்பர் லீவுக்குப் போவம் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது, ஆனா அது மாரி, பாதை சேறு, காடு முழுக்கத் தண்ணி இருக்கிறதால மிருகம் ஒரு இடத்துக்கு வராது. கச்சான் காத்து அடிச்சு ஊரே காயிற ஓகஸ்ட், செப்டம்பர்லதான் மின்னேரியா குளம் வத்தி, புல்லு முளைச்சு, யானை கூட்டம் கூட்டமா வரும். சரியான வெக்கையா இருக்கும்தான், ஆனா நூறு யானைய ஒரே தரம் பாக்கக்குள்ள வெக்கை நினைவிலயே வராது.

கடைசியா, புக் பண்ண முதல் போன்ல ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்க: குப்பைய என்ன செய்யிறீங்க? பின்பக்கம் கிடங்கு வெட்டிக் கொட்டுறம் எண்டா அந்த இடம் வேண்டாம், பேருக்கு முன்னால இக்கோ (eco) எண்டு என்ன போட்டிருந்தாலும் சரி. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில பொலித்தீனச் சாப்பிட்டு யானையள் செத்தது எங்களுக்குத் தெரிஞ்ச கதை. சொப்பிங் பேக், யோகட் கப், பிள்ளையிண்ட பேம்பர்ஸ், நாங்க கொண்டு போனத நாங்களே ஒரு சாக்கில போட்டுக் கட்டி வான்ல ஏத்திக்கொண்டு திருமலைக்குத் திரும்பி வாறது. நான் இப்ப போகக்குள்ள மாம்பழப் பைக்குப் பதிலா அந்த வெறும் சாக்கத்தான் முதல்ல எடுத்து வைக்கிறன்.