ஜிஎஸ்டி எண் வாங்கியாச்சு, அப்புறம்? புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணப்பாறையில் ஒருவர் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒன்றரை லட்சம் வியாபாரம். 'வருஷம் 40 லட்சம் தாண்டினால்தானே ஜிஎஸ்டி' என்று நிம்மதியாக இருக்கிறார். பெங்களூரில் ஒரு கடைக்காரர் வாரம் பத்து டின் கேட்க, பார்சல் போகிறது. தவறு அந்த முதல் பார்சலிலேயே நடந்துவிட்டது. சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், சில கைவினைப் பொருள்கள் தவிர, தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு கட்டாயம். 40 லட்சம் என்ற வரம்பு தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டுமே விற்பவருக்கு.

அந்த 40 லட்சத்தையே பலர் லாபம் என்று நினைக்கிறார்கள். அது மொத்த விற்பனை. சேவைத் தொழில் என்றால் வரம்பு 20 லட்சம்தான். துணியும் விற்று, தையல் கூலியும் வாங்குகிற கடைக்கும் 20 லட்சம் என்றே கணக்கு வையுங்கள். ஒரே பான் எண்ணில் இரண்டு தொழில் நடத்தினால் இரண்டும் சேர்த்துத்தான் கணக்கு.

இதோடு சேர்ந்து வரும் தொல்லை, கடையின் கியூஆர் அட்டை. சீட்டுப் பணம், மச்சான் திருப்பித் தந்த கடன், வீட்டு வாடகை எல்லாம் அதே கணக்கில் விழும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். எது வியாபாரப் பணம், எது கைமாற்று என்று இரண்டு வருடம் கழித்துப் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. கடைக்கென்று தனிக் கணக்கை முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

சரி, பதிவு செய்யப் போகிறீர்கள். 'காம்பொசிஷன் போட்டுக்கோ, ஒரு சதவீதம்தான்' என்று யாராவது சொல்வார்கள். மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய முறை அது. உள்ளூரில் நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்பவருக்கு நல்ல வழிதான். வியாபாரிக்கும் உற்பத்தியாளருக்கும் 1 சதவீதம், உணவகத்துக்கு 5. ஆனால் அதில் இருந்துகொண்டு வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. நம் முறுக்குக்காரர் பெங்களூரை மறந்துவிட வேண்டியதுதான். பில்லில் வரி போட்டு வாங்கவும் கூடாது. கொள்முதலில் கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. யாருக்கு, எங்கே விற்கப் போகிறோம் என்று யோசித்த பிறகு தேர்ந்தெடுங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருகிற தவறு இனி சொல்லப்போவது. பதிவு செய்யும்போது போர்ட்டலில் ஒரு செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் கேட்கும். அவசரத்தில் அங்கே பதிவு செய்து தருபவரின் எண் ஏறிவிடும். அதற்கப்புறம் ஓடிபி, நோட்டீஸ், ரத்து செய்யப்போகிறோம் என்ற எச்சரிக்கை எல்லாம் அவருக்குத்தான் போகும். அவர் ஊர் மாறினாலோ, சம்பளத் தகராறு வந்தாலோ, உங்கள் கடையின் சாவி அடுத்தவர் பையில் இருப்பது மாதிரிதான். ரிட்டர்ன் போடுவதை ஆடிட்டர் பார்த்துக்கொள்ளட்டும். எண்ணும், மின்னஞ்சலும், பாஸ்வேர்டும் உங்களுடையதாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை நீங்களே உள்ளே போய் நோட்டீஸ் பகுதியைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

வியாபாரமே நடக்காத மாதத்திலும் நில் ரிட்டர்ன் போட வேண்டும். வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம், நில் என்றால் 20. சிறு தொழிலுக்கு இதற்கு உச்சவரம்பு உண்டு. வரி பாக்கி இருந்தால் 18 சதவீத வட்டி தனி. அதைவிட வலிக்கிற இடம் வேறு. மாதா மாதம் 11ஆம் தேதிக்குள் நீங்கள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 போடாவிட்டால், உங்களிடம் வாங்கிய கடைக்காரருக்கு அந்த வரி, அவர் கழித்துக்கொள்ளும் வரவில் தெரியாது. ஒருமுறை பொறுப்பார், அடுத்தமுறை வேறு ஆளிடம் வாங்குவார். ஆறு மாதம் தொடர்ந்து விட்டுவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். வருட விற்பனை 5 கோடிக்குள் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் போடும் முறையை எடுக்கலாம். அதிலும் முதல் இரண்டு மாத வரியை அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.

கடை வாடகையில் ஒரு புது விஷயம் பலருக்குத் தெரியவில்லை. 2024 அக்டோபர் 10 முதல், கடை உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராகவும் நீங்கள் பதிவு பெற்றவராகவும் இருந்தால், வாடகை மீதான 18 சதவீத வரியை நீங்கள்தான் கட்ட வேண்டும். 20,000 ரூபாய் வாடகைக்கு 3,600. பணமாகக் கட்டிவிட்டு, விதிப்படி வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்பொசிஷனில் இருப்பவர் இந்த வாடகை வரியைக் கட்ட வேண்டியதில்லை.

பில் போடும்போது, வெளிமாநிலத்துக்கு ஐஜிஎஸ்டி. மாநிலத்துக்குள் மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டியும் மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டியும் பாதிப் பாதி. மாற்றிப் போட்டால் சரியான கணக்கில் மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். மென்பொருளில் பழைய விகிதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாக்கெட் காரவகைகளுக்கு 12 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5.

ஜிஎஸ்டியோடு முடிந்தது என்று எண்ணி உள்ளாட்சியை மறப்பவர்களும் உண்டு. தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்கே கட்டுவது. வருடத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. தொழில் உரிமமும் அங்கேதான். பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், ஜிஎஸ்டி எண்ணும் அதில். தராசுக்கு முத்திரை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள்.

தொழில் ஓடவில்லை, ஷட்டரை இறக்குகிறீர்கள் என்றாலும் ஜிஎஸ்டி எண் தானாக மூடாது. ரத்துக்கு விண்ணப்பித்து, ரத்தானதிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்னையும் போட்டுவிடுங்கள். கையிருப்புச் சரக்கின் பட்டியல் அதற்குத் தேவைப்படும். விற்றுத் தீர்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.