பழைய அமெரிக்க நாசகாரிக் கப்பலின் பணி வரலாற்றைத் தேடுவது எப்படி

பெயரை வைத்துத் தேடாதீர்கள், கப்பலின் அடையாள எண்ணைப் பிடியுங்கள். மூழ்கிப்போன கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்கு வைப்பது அமெரிக்கக் கடற்படையில் வழக்கம். ஜேக்கப் ஜோன்ஸ் என்று தேடினால் 1917 டிசம்பரில் யு-53 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த டிடி-61 (டிடி என்பது நாசகாரிக் கப்பலைக் குறிக்கும் எழுத்து) வரும், 1942 பிப்ரவரியில் யு-578 மூழ்கடித்த டிடி-130 வரும், இரண்டின் கதையும் எளிதில் கலந்துவிடும். இந்த டிடி எழுத்துமுறையே 1920 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முந்தைய தாள்களில் 'டெஸ்ட்ராயர் நம்பர் 61' என்று தேடுங்கள்.

அப்புறம் நான்கு தேதிகளை எடுங்கள்: கட்டத் தொடங்கியது, நீரில் இறக்கியது, பணியில் சேர்த்தது, விலக்கியது. வார்ட் (டிடி-139) கப்பலை மேர் ஐலண்ட் கப்பல் கட்டும் தளத்தில் 1918 மே 15 அன்று தொடங்கி ஜூன் 1 அன்றே நீரில் இறக்கிவிட்டார்கள், முதல் உலகப் போரின் அவசரம் அப்படி. 1921இல் ஓரங்கட்டி, 1941 ஜனவரியில்தான் மறுபடி பணிக்கு எடுத்தார்கள். நடுவில் உள்ள அந்த ஏறக்குறைய இருபது வருடத்தில் சம்பவம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்தத் தேதிகள் கடற்படையின் வரலாற்றுத் துறை இணையத்தில் வைத்திருக்கும் கப்பல் அகராதியிலேயே கிடைக்கும். அது எலும்புக்கூடு மட்டும்தான். உண்மையான வாழ்க்கை தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள டெக் லாக்கில், அதாவது கப்பலின் அன்றாடப் பதிவேட்டில், இருக்கிறது: நான்கு மணி நேரக் காவல் ஒவ்வொன்றிலும் போன திசை, வேகம், வானிலை, யாருக்கு என்ன தண்டனை என்பது வரை. பொறுமையாகப் படியுங்கள், அலுப்பான பக்கங்களில்தான் நல்ல விஷயங்கள் ஒளிந்திருக்கும்.

எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தோ பெயரோ மாறுகிறதா என்றும் பாருங்கள். வார்ட் 1943இல் துருப்புக் கப்பலாகி ஏபிடி-16 ஆனது. புக்கானன் (டிடி-131) 1940இல் பிரிட்டனுக்குப் போய் கேம்பல்டவுன் ஆனது, அதன் மீதிக் கதைக்குப் பிரிட்டிஷ் ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும்.

கப்பல் தன்னைப் பற்றிச் சொல்வதை வேறொன்றோடு ஒப்பிடுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. 1941 டிசம்பர் 7 காலை, ஜப்பானிய விமானங்கள் தாக்க வருவதற்கு முன்பே, ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தின் வாசலில் ஒரு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கியைச் சுட்டு மூழ்கடித்ததாக வார்ட் அறிக்கை அனுப்பியது. பலர் அதைச் சந்தேகித்தார்கள். 2002இல் கடலடியில் அந்த நீர்மூழ்கி கிடைத்தது, கோபுரத்தில் குண்டு துளைத்த ஓட்டையோடு.

கடைசி நாளுக்கு, பக்கத்தில் இருந்த கப்பல்களின் பதிவுகளையும் கேளுங்கள். பேர்ல் ஹார்பர் நாளுக்குச் சரியாக மூன்று வருடம் கழித்து, 1944 டிசம்பர் 7 அன்று பிலிப்பைன்ஸின் ஓர்மாக் விரிகுடாவில் ஜப்பானிய விமானம் மோதி வார்ட் தீப்பிடித்தது. எரிந்து கைவிடப்பட்ட வார்டைச் சுட்டு மூழ்கடித்தது ஓ'பிரையன் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல். அதன் தளபதி அவுட்டர்பிரிட்ஜ்தான் பேர்ல் ஹார்பர் நாளில் வார்டுக்கும் தளபதி. ஓ'பிரையனின் லாக்கைத் திறக்காமல் வார்டின் வரலாற்றை முடிக்காதீர்கள்.