செட்டிநாட்டிலிருந்து மெக்சிகோவின் இரண்டாம் நிலைக் கால்பந்து அணி ஒன்றைத் தொடர்வது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் வெளிநாட்டுக் கால்பந்தை விரும்பிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, ஸ்பெயின் அணிகளின் பின்னால் நள்ளிரவு வரை கண்விழிக்கிறார்கள். மெக்சிகோ ஆட்டங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. அங்கே மாலையிலும் இரவிலும் நடக்கும் ஆட்டங்கள் நமக்கு விடியற்காலையிலோ காலை உணவு வேளையிலோ வந்து சேர்கின்றன. அந்த நாட்டின் முதல் நிலைப் போட்டியான லிகா எம்.எக்ஸ். பற்றி ஓரளவு செய்தி கிடைக்கும். இரண்டாம் நிலையைத் தொடர வேண்டுமானால் கொஞ்சம் முன்னேற்பாடு தேவை. அந்த முன்னேற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக மிச்சோவாகான் மாநிலத்தின் தலைநகரான மொரேலியாவில் உள்ள அத்லெட்டிகோ மொரேலியா அணியை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், அணியைத் தேர்ந்தெடுக்கும்போது சீருடையின் நிறத்தையோ ஒரு வீரரின் புகழையோ பார்க்காமல் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குலியாகான் நகரின் தொராதோஸ் அணியில் பெப் குவார்தியோலா 2006-இல் ஆடினார்; அதே அணிக்கு மரடோனா 2018-இல் பயிற்றுநராக வந்து, தொடர்ந்து இரண்டு பருவங்களில் இறுதிப் போட்டி வரை அழைத்துச் சென்று, இரண்டையும் அத்லெட்டிகோ சான் லூயிஸ் அணியிடம் இழந்தார். அந்தப் பெயர்களுக்காக வந்த ரசிகர்களில் எத்தனை பேர் அவர்கள் போன பிறகும் தங்கினார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. இரண்டாம் நிலையில் வீரர்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாறிவிடுவார்கள், ஆகவே பிடித்துக்கொள்ள நிலையாக இருப்பது ஊர் ஒன்றுதான்.

அந்த ஊரும் ஏன் எளிதில் கைவிட்டுப் போகிறது என்பதைப் புரிந்துகொள்வதே இந்த வழிகாட்டியின் முக்கியமான பகுதி. மெக்சிகோவில் ஒரு அணி போட்டியில் ஆடுவதற்கான இடம் என்பது விற்கவும் வாங்கவும் வேறு ஊருக்கு மாற்றவும் கூடிய உரிமம். மொரேலியாவின் பழைய அணியான மொனார்காஸ், லூயிஸ் ஃபெர்னாந்தோ தேனாவின் பயிற்சியில் 2000-ஆம் ஆண்டின் குளிர்காலப் பருவத்தில், தொலூகா அணியைப் பெனால்டியில் வென்று முதல் நிலைப் பட்டத்தைப் பெற்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 2020 ஜூனில், உரிமையாளர்கள் அந்த உரிமத்தைப் பசிபிக் கடற்கரையிலுள்ள மாசத்லான் நகருக்குக் கொண்டுபோனார்கள். ரசிகர்கள் தெருவில் இறங்கிப் போராடியும் அது நிற்கவில்லை. சில வாரங்களுக்குள் மொரேலோஸ் மாநிலத்தின் கரும்பாலை ஊரான சகாதெபெக்கில் ஆடிக்கொண்டிருந்த இரண்டாம் நிலை அணியின் உரிமம் மொரேலியாவுக்கு வந்தது. அதுதான் அத்லெட்டிகோ மொரேலியா. தன் அணியை இழந்த ஊர் ஒன்று, இன்னொரு ஊரின் அணியை எடுத்துத் தன் இழப்பை ஈடுகட்டிக்கொண்டது என்பதை மொரேலியா ரசிகர்களே அவ்வளவு விரும்பிச் சொல்வதில்லை. நீங்கள் அதை அறிந்துகொண்டே அந்த அணியை ஆதரிப்பது நல்லது.

உரிமம் மாசத்லானுக்குப் போன பிறகும், பழைய பட்டத்தை மொரேலியா மக்கள் தங்களுடையதாகவே கருதுகிறார்கள். செட்டிநாட்டில் வளர்ந்தவருக்கு இதில் புதிர் ஒன்றும் இல்லை: பர்மாவிலோ மலாயாவிலோ வட்டிக்கடை வைத்திருந்த குடும்பத்துக்கும் புள்ளி (குடும்பப் பதிவு) எழுதப்பட்டது இளையாற்றங்குடியிலோ மாத்தூரிலோ உள்ள நகரக் கோயிலில்தானே. எனவே ஓர் அணியின் வரலாற்றைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். இந்த உரிமம் எங்கிருந்து வந்தது? இந்த ஊரில் இதற்கு முன் எந்த அணி ஆடியது? பல புள்ளிவிவரத் தளங்கள் இரண்டையும் கலந்துவிடுவதால், கோப்பைகளின் எண்ணிக்கை தளத்துக்குத் தளம் மாறுவதைக் காண்பீர்கள்.

பெயர்களில் தடுக்கி விழாமலிருக்க ஒரு குறிப்பு: மொரேலியா என்பது நகரம், மொரேலோஸ் என்பது சகாதெபெக் இருக்கும் மாநிலம், மொரேலியாவின் மைதானத்தின் பெயரும் மொரேலோஸ்தான். மூன்றும் அந்த நகரில் பிறந்த விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோசே மரியா மொரேலோஸின் பெயரைத் தாங்கியவை. செய்தியில் மொரேலோஸ் என்று கண்டதும் அது மைதானமா மாநிலமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போட்டியின் அமைப்பு. இரண்டாம் நிலை 2020 வரை அசென்சோ எம்.எக்ஸ். என்ற பெயரில், வெல்பவருக்கு முதல் நிலைக்கு ஏறும் வழியோடு நடந்தது. அப்போதே அந்த வழி குறுகியதாகத்தான் இருந்தது. தபாசூலா நகரின் கஃபேதலேரோஸ் 2018-இல் ஏறும் தகுதியை ஆட்டத்தில் வென்றும், நிதி, மைதானம் போன்ற நிபந்தனைகளை நிறைவு செய்யாததால் ஏற்றப்படவில்லை. 2020-இல் ஏற்றமும் இறக்கமும் நிறுத்தப்பட்டு, இளம் வீரர்களை வளர்ப்பதையும் அணிகளின் நிதிநிலையைச் சீராக்குவதையும் நோக்கமாக அறிவித்து லிகா தே எக்ஸ்பான்சியோன் என்ற புதிய இரண்டாம் நிலைப் போட்டி தொடங்கப்பட்டது. ஏறுவதற்காகவே ஆடும் ஆட்டத்தை எதிர்பார்த்து வருபவர் இங்கே ஏமாறுவார். என் கணிப்பில், ஏற்றத்தை நிறுத்தியது சிறிய ஊர்களுக்கு இழைத்த அநீதி. ஆனால் அதற்காக ஆட்டங்களைப் பார்க்காமல் விடுவதால் அந்த ஊர்களுக்கு எந்த நன்மையும் இல்லை.

ஆண்டுக்கு இரண்டு தனித்தனிப் பட்டங்கள் உண்டு. ஜூலை வாக்கில் தொடங்கி ஆண்டு முடிவுக்குள் முடிவது அபெர்தூரா. ஜனவரியில் தொடங்கி மே வாக்கில் முடிவது கிளௌசூரா. ஒவ்வொன்றிலும் எல்லா அணிகளும் ஒருமுறை மோதிய பின், மேலே முடித்தவை லிகீயா என்ற வெளியேற்றுச் சுற்றில் ஆடுகின்றன. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறுவது பட்டம் அல்ல என்பதை ஐரோப்பியப் பழக்கத்தோடு வருபவர்கள் மறந்துவிடுகிறார்கள். அத்லெட்டிகோ மொரேலியா 2022 கிளௌசூராவில் சொனோரா மாநிலத்தின் சிமரோனெஸ் அணியை வென்று பட்டம் பெற்றதும் அத்தகைய இறுதிப் போட்டியில்தான். எத்தனை அணிகள் லிகீயாவுக்குச் செல்லும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஆகவே பருவத்தின் முதல் வாரத்தில் போட்டி விதிகளைப் படித்துவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

நேரக் கணக்கு எளிது. மொரேலியா பின்பற்றும் மத்திய மெக்சிகோ நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். மெக்சிகோ 2022-இல் கோடைக்கால நேர மாற்றத்தை நாட்டின் பெரும்பகுதியில் கைவிட்டதால், இந்த வித்தியாசம் ஆண்டு முழுவதும் மாறாது. அங்கே இரவு 9 மணி என்றால், அதை மறுநாள் காலை 9 மணியாக்கி அரை மணி குறையுங்கள்: காலை 8.30. மாலை 5 மணி ஆட்டம் நமக்கு விடியற்காலை 4.30. நண்பகல் 12 மணி ஆட்டம் மட்டும் அதே நாள் இரவு 11.30-க்கு வரும், தேதி மாறாது. கான்குன் ஒரு மணி நேரம் முன்னாலும் சொனோரா ஒரு மணி நேரம் பின்னாலும் இருப்பதால், வெளியூர் ஆட்டங்களுக்கு அட்டவணையில் உள்ளது உள்ளூர் நேரமா தலைநகர் நேரமா என்று பாருங்கள். பல ஆட்டங்கள் வார நாட்களில் நடக்கும். செவ்வாய் இரவு ஆட்டம் நமக்குப் புதன் காலை, அதாவது பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கிளம்பும் நேரம். அந்த நாட்களில் முழு ஆட்டத்துக்கு ஆசைப்படாமல், அணியும் போட்டி அமைப்பும் யூடியூபில் வெளியிடும் சுருக்கக் காணொளியை மாலையில் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்தது. மாலைவரை முடிவு காதில் விழுந்துவிடும் என்ற கவலை வேண்டாம். காரைக்குடியில் அதை உங்களுக்குச் சொல்ல ஆள் கிடையாது.

அட்டவணையை ஸ்பானிய மொழியிலேயே படிக்கப் பழகுங்கள். ஜே.ஜே. என்ற எழுத்துகள் ஆடிய ஆட்டங்களையும், ஜே.ஜி., ஜே.இ., ஜே.பி. என்பவை முறையே வெற்றி, சமன், தோல்வியையும், ஜி.எஃப்., ஜி.சி. என்பவை அடித்த கோல், வாங்கிய கோலையும் குறிக்கும்.

ஆட்டத்தைப் பார்க்கும்போது மைதானத்தின் உயரத்தைக் கவனியுங்கள். மொரேலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்திலும் சகாதேகாஸ் நகரம் அதைவிட மேலேயும் இருக்கின்றன. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் அணிகள் கடைசி இருபது நிமிடங்களில் மூச்சு வாங்குவதைக் கண்ணாலேயே காணலாம். அதோடு, எதிரணி முதல் நிலை அணியொன்றின் கிளையா என்றும் பாருங்கள். 2023 கிளௌசூராவில் பட்டம் வென்ற தபாத்தியோ, குவாதலஹாரா அணியின் இளையோர் கிளை. அதன் நல்ல வீரர்களைத் தாய் அணி எப்போது வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளும் என்பதால், சென்ற வாரம் பார்த்த முன்னணி ஆட்டக்காரர் இந்த வாரம் பட்டியலில் இல்லாமல் போகலாம். ஆட்டத்துக்கு முன் அணிகள் வெளியிடும் பதினோரு பேர் பட்டியலைச் சரிபார்த்த பிறகே வெற்றி தோல்வி பற்றி நண்பர்களிடம் பேச்சைத் தொடங்குங்கள்.