புது ஊர்க் காப்பி: முதல் மாதத்துத் தவறுகள்

ஊர் மாறும்போது பழகிய காப்பித்தூளையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் போனேன். அதே தூள், அதே பாத்திரம், அதே அளவு. வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. தூள் பழசாகிவிட்டது என்று இரண்டு வாரம் அதையே திட்டினேன். ஒருநாள் கெட்டிலைக் கழுவும்போது அடியில் வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது, சுண்ணாம்பு. அப்புறம்தான் சந்தேகம் தண்ணீர் பக்கம் திரும்பியது.

பால் சேர்க்காத வடிகாப்பியில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். இப்படிச் சுண்ணாம்பு படியவைக்கும் கடினநீரில் இருக்கும் பைகார்பனேட் என்ற உப்பு, காப்பிக்கு உயிர் தரும் இளம்புளிப்பை அமுக்கிவிடும். தாது உப்பே இல்லாத நீரிலோ அந்தப் புளிப்பு தூக்கலாகத் தெரியும். அதனால் தூளை மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு முறை வேறு தண்ணீரில் போட்டுப் பாருங்கள். போன இடம் மலையூர் என்றால் இன்னொன்றும் உண்டு. 2,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாறு முழுசாக இறங்காது. தூளைக் கொஞ்சம் நைசாக அரைத்தாலோ, கூடுதல் நேரம் ஊறவிட்டாலோ சரியாகும்.

கடையில் செய்யும் தவறு, பெயரை நம்புவது. பால் காப்பி என்று நினைத்து இத்தாலியில் 'லாட்டே' என்று மட்டும் கேட்டால் வெறும் பால்தான் வரும். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே பால். அங்கே மக்கியாட்டோ என்றால் எஸ்பிரசோவில், அதாவது சின்னக் கோப்பையில் வரும் கெட்டிக் காப்பியில், ஒரு சொட்டுப் பால். வேறு சில இடங்களில் அதே பெயரில் பெரிய கிளாஸ் நிறைய இனிப்புப் பால் வரும். பால் எவ்வளவு, சர்க்கரை கலந்தே வருமா, கோப்பை எவ்வளவு பெரிது என்று கேட்டுவிடுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. 'எங்க ஊர்ல இப்படி இல்லையே' என்று போட்டுக்கொடுத்தவரிடமே சொல்வதுதான் வெட்கம்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: கோப்பைக் கணக்கு. இதுவரை இரண்டு கோப்பை குடித்தேன், இங்கேயும் இரண்டுதான் என்று நினைப்போம். காப்பிக்கொட்டையில் ரொபஸ்டா, அராபிகா என்று இரண்டு முக்கிய வகை. ரொபஸ்டாவில் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு கஃபைன், அதாவது தூக்கத்தை விரட்டும் பொருள். சிக்கரியில் கஃபைனே கிடையாது. சிக்கரி கலந்த தூளுக்குப் பழகியவர் கலப்பில்லாத ரொபஸ்டாவுக்கு மாறினால், அதே இரண்டு கோப்பையில் கஃபைன் அளவே மாறிவிடுகிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபைன் வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு அதில் பாதி. குடித்த கஃபைனில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடக்குறைய. மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். நாமோ புது வீடு, புது மெத்தை, அதான் தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

வந்த வாரமே விலையுயர்ந்த மெஷின் வாங்காதீர்கள். அக்கம்பக்கத்தில் எந்த வறுவல் புதுசாகக் கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆகும். கொண்டுவந்த பழைய தூளையும் விசேஷ நாளுக்கென்று பத்திரப்படுத்த வேண்டாம். பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் சில வாரங்களில் மணம் போய்விடும்.