நுவரெலியா, பதுளை போய்வந்தும் எடை ஏறாமல் இருக்க: தாவர உணவுக்காரருக்கு ஒரு செய்முறை

மலைநாட்டில் ஒரு கிழமை தங்கினால் எடை கூடுவது பெரும்பாலும் சோற்றால் அல்ல. சோறு தட்டில் குவிந்து தெரியும், கண்ணே அதை அளந்துவிடும். கண்ணில் படாமல் கூட்டுபவை மூன்று: தேத்தண்ணியில் கரையும் சீனி, கறியில் கரையும் தேங்காய், ரொட்டியாகவும் ரோல்ஸாகவும் வேஷம் மாறி வரும் கோதுமை மா. மூன்றும் சுத்தமான தாவரம்தான். "சைவம்தானே, ஏறாது" என்று நம்பிப் போகிறவர்களைத்தான் இவை முதலில் கவிழ்க்கும்.

இது பால், முட்டை, மீன், இறைச்சி எதுவும் சேர்க்காமல், ஏற்கனவே எடையைக் குறைத்து அதைக் காக்கப் பார்ப்பவர்களுக்கு. கணக்கு இவ்வளவுதான். எடை குறைந்த உடம்புக்கு முன்னைவிடக் குறைந்த சக்தி போதும். அதனால் பழைய அளவுக்குத் திரும்பினாலே மிச்சம் விழும். நாளுக்கு 500 கலோரி மிஞ்சினால் 7 நாளில் 3,500. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. ஆக, கிட்டத்தட்ட அரைக் கிலோ. பயணத்தில் இன்னும் குறைக்கப் பார்க்க வேண்டாம், போன எடையோடு திரும்பினால் போதும்.

நீரிழிவுக்கு மாத்திரை அல்லது ஊசி எடுப்பவர்கள், சீனியையும் மாவையும் திடீரென்று குறைப்பதற்கு முன் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரலாம்.

படி 1: புறப்படுமுன் அளந்து வையுங்கள்

கடைசி மூன்று நாளும் காலையில், கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் குடிக்குமுன் நிறுத்துப் பாருங்கள். மூன்றின் சராசரியே உங்கள் எடை. கூடவே தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தராசைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, டேப் சட்டைப் பையில் அடங்கும். லாஸ்டிக் இல்லாத காற்சட்டை ஒன்றையாவது எடுத்துப் போங்கள். லாஸ்டிக் எதையும் காட்டிக்கொடுக்காது.

படி 2: பையில் போட வேண்டியவை

ஒரு லீற்றர் ஸ்டீல் பிளாஸ்க், அகலமான வாய் உள்ளதாக. மைசூர்ப் பருப்பு அரைக் கிலோ. வறுத்த கச்சான் (நிலக்கடலை) 200 கிராம், ஆனால் 25 கிராம் வீதம் எட்டுச் சிறு பொட்டலமாக. முழுப் பையாக எடுத்துப் போனால் ஹட்டன் வருமுன் முடிந்துவிடும், அது 1,100 கலோரிக்கு மேல். தேசிக்காய் நாலு, உப்பு, மிளகுத்தூள், மஞ்சள், ஒரு கரண்டி, மூடியுள்ள ஒரு டப்பா.

பி12 மாத்திரையை மறக்கக்கூடாது. வளர்ந்தவருக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. தாவர உணவில் நம்பும்படியான அளவு கிடையாது. வீட்டில் எடுப்பதையே நாள் எண்ணி எடுத்துப் போங்கள்.

படி 3: ரயிலில்

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை போனால் கிட்டத்தட்ட பத்து மணிநேரம். (மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடியிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பஸ்ஸில் போக நேர்ந்தால் கீழே சொல்வது இன்னும் கூடப் பொருந்தும், ஏனென்றால் பஸ் நிற்கிற இடமெல்லாம் கண்ணாடிப் பெட்டிக் கடைதான்.) பத்து மணிநேரமும் கூடைக்காரர்கள் வந்து போவார்கள். வாசனைக்கு மனம் தளராதவர் குறைவு. அதனால் எதை வாங்குவது என்பதை ஏறுமுன்பே முடிவு செய்துவிடுங்கள்.

வாங்கலாம்: அவித்துத் தாளித்த கடலை (கொண்டைக்கடலை). 100 கிராமில் 165 கலோரி அளவும் 9 கிராம் புரதமும் இருக்கும், தாளித்த எண்ணெய் தனி. அவித்த சோளம், கொய்யா, அன்னாசி, மாங்காயும் நல்லவை.

ஒன்றோடு நிறுத்த வேண்டியது: பருப்பு வடை. பருப்புத்தான் என்றாலும் எண்ணெய் குடித்த பருப்பு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இஸ்ஸோ வடையில் மேலே இருக்கும் இறாலைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டால் அது தாவர உணவாகிவிடாது.

வீட்டிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு கட்டிப்போவதே மேல். பசியோடு ரயில் ஏறுகிறவர் நாவலப்பிட்டிக்குள் தோற்றுவிடுவார்.

படி 4: தேத்தண்ணி

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 பாகைக்குக் கீழே போகும். குளிருக்கு நாளுக்கு ஆறு கோப்பை சாயம் (பால் விடாத தேத்தண்ணி) என்பது அங்கே பெரிய விஷயமில்லை. ஒரு கோப்பைக்குக் குவித்த தேக்கரண்டி இரண்டு சீனி என்றால் 12 முதல் 14 கிராம், அதாவது 50 கலோரி. ஆறு கோப்பைக்கு 300. ஒரு வாய் சோறு சாப்பிடாமலேயே முந்நூறு!

பல கடைகளில் சீனியைப் போட்டே கொண்டுவருவார்கள். வந்த பிறகு சொல்லிப் பயனில்லை, கேட்கும்போதே "சாயம் ஒன்னு, சீனி வேணாம்" என்று சொல்லிவிடுங்கள். சிங்களக் கடையென்றால் "சீனி நெத்துவ". டின்பால் போட்ட தேத்தண்ணி எப்படியும் உங்கள் பட்டியலில் இல்லை. வெறும் சாயம் இறங்காது என்பவர்கள் கித்துள் கருப்பட்டியில் சுண்டுவிரல் நகமளவு துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். பழைய பழக்கம், நல்ல பழக்கம். துண்டின் அளவு மட்டும் வளரக்கூடாது. இஞ்சி தட்டிப் போட்டால் சீனி இல்லாத குறை பாதி தெரியாது.

இன்னொன்று. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது குறையும். இறைச்சி சாப்பிடாதவருக்கு இது சின்ன விஷயமல்ல. முன்னும் பின்னும் ஒரு மணிநேரம் இடைவெளி விடுங்கள். சாப்பாட்டின் மேல் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

படி 5: கடையில், ஒரு வேளைக்கு ஒரு தேங்காய்ச் சாமான்

தேங்காய்ச் சம்பல், சொதி, பால்கறி, தேங்காய் ரொட்டி: இதில் ஒரு வேளைக்கு ஒன்று மட்டும். எது என்பது உங்கள் விருப்பம். கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியில் 200 கலோரிக்கு மேல். துருவிய தேங்காய் 100 கிராமில் 350 அளவு. சம்பலை இரண்டு மேசைக்கரண்டி தொட்டுக்கொண்டால் 100க்குள் முடியும். சொதியை இடியப்பம் முங்க ஊற்றினால் முடியாது. காலையில் இடியப்பத்துக்குப் பருப்பைக் கெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். இலைக்கஞ்சி கிடைக்கிற இடத்தில் அதுவே முதல் தெரிவு.

அதேபோல மாச் சாமான் ஒரு நாளைக்கு ஒரு வகை. தோட்டத்து ரொட்டியைக் கணக்குப் பாருங்கள்: 80 கிராம் மா 280, 25 கிராம் தேங்காய்ப்பூ 90. ஒரு ரொட்டி 370. கட்டைச் சம்பலோடு சூடாக இரண்டு உள்ளே போவது தெரியாது. போகட்டும், ஆனால் அன்றைக்குப் பாண், பணிஸ், ரோல்ஸ், மரக்கறி ரொட்டி எதுவும் இல்லை. மரக்கறிக் கொத்து "மரக்கறி" என்ற பேரால் தப்பிவிடுகிறது. எண்ணெய் பூசிய பரோட்டா இரண்டு மூன்றைத் திரும்பவும் எண்ணெயில் போட்டுக் கொத்துவதுதான் அது. முழுக் கொத்து 800ஐத் தாண்டலாம். முட்டையும் சொல்லாமலே விழும். ஒன்றை வாங்கி இருவர் பகிருங்கள், முட்டை வேண்டாம் என்று தோசைக்கல் பக்கம் போய்ச் சொல்லுங்கள்.

மத்தியானம் சோறுதான் பாதுகாப்பான வேளை. பார்சல் சோற்றில் மூன்று கோப்பை வரை இருக்கும். ஒரு கோப்பை 200 கலோரி. "சோறு பாதி, மரக்கறி கூட" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தட்டில் பாதி போஞ்சி, கோவா, கரட், கீரைச் சுண்டல். கால் பகுதி பருப்பு, கடலை அல்லது சோயா மீட். மிச்சக் கால் சோறு. உருளைக்கிழங்குக் கறியும் பலாக்காயும் சோற்றுக் கணக்கில்தான் வரும். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். நுவரெலியாக் கிழங்கு ருசியாக இருக்கும், அதனால் அது மரக்கறி ஆகிவிடாது.

தாவர உணவுக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி: மாசி, அதாவது காயவைத்த மீன். சம்பல், கட்டைச் சம்பல், சீனிச் சம்பல், சில கீரைச் சுண்டல், சில நேரம் பருப்பிலும் மாசித்தூள் இருக்கும். மீன் வாசனை தூக்கலாக வராது. சைவக் கடைகளில் இந்தப் பயம் இல்லை, மற்ற இடங்களில் "மாசி போட்டிருக்கா?" என்று கேளுங்கள். சிங்களத்தில் "உம்பலகட தாலத?". எண்ணெய் குறைக்கச் சொல்ல "தெல் அடுவென்".

படி 6: அறையில் பிளாஸ்க் பருப்பு

இரவுச் சாப்பாடுதான் பெரிய சிக்கல். சின்ன ஊர்களில் எட்டு மணிக்கு மேல் கொத்தும் ரொட்டியும் தவிர வேறு கிடைப்பது அரிது. தங்குமிடத்தில் கரண்ட் கேத்தல் இருந்தால் சமையலறை தேவையில்லை.

1. மைசூர்ப் பருப்பு 100 கிராம் (அரைக் கோப்பை) கழுவி அரைமணி ஊறவிடுங்கள்.
2. பிளாஸ்க்கில் கொதிநீர் நிரப்பி மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு ஊற்றிவிடுங்கள். ஸ்டீல் குளிர்ந்திருந்தால் பருப்பின் சூட்டைக் குடித்துவிடும்.
3. ஊறிய பருப்பை டப்பாவில் போட்டு அதன்மேல் கொதிநீர் விட்டு ஒரு கலக்குக் கலக்கி வடியுங்கள். குளிர்ந்த பருப்பை நேரே போட்டால் நீரின் சூடு சட்டென்று இறங்கும்.
4. பருப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், பிளாஸ்க் நிறையும் அளவு புதிதாகக் கொதித்த நீர். மூடித் துவாயில் சுற்றிப் படுக்க வையுங்கள்.
5. ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம். திறந்து, மிஞ்சிய நீரை ஒரு கோப்பையில் வடித்து ரசம்போல் குடிக்கலாம். உப்பு, மிளகு, தேசிக்காய் கடைசியில் மட்டும்.

ஒரு நபருக்கு முழு இரவுச் சாப்பாடு: 350 கலோரி, 24 கிராம் புரதம். சந்தையில் வாங்கிய கரட்டும் சலாதும் பக்கத்தில் இருந்தால் போதும்.

வேகவில்லையா? காரணம் மூன்றில் ஒன்று. பிளாஸ்க் பாதி காலியாக இருந்தது. காற்று நிறைந்தால் சூடு நிற்காது. தேசிக்காயை முன்பே விட்டீர்கள். புளிப்பு பருப்பை மெலியவிடாது. அல்லது நீர் கொதித்து நேரமாகிவிட்டது. நுவரெலியாவில் நீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் கொழும்பில் ஒரு மணிநேரத்தில் வெந்தது இங்கே கூடுதல் நேரம் கேட்கும். உடைத்த மைசூர்ப் பருப்பைத் தவிர வேறெதையும் இப்படி முயல வேண்டாம். கடலை வேகாது. சிவப்பு ராஜ்மா அவரை ஆபத்து: அதிலுள்ள நச்சுப்புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும், அரைவேக்காடு வாந்தியில் முடியும். சமைத்த பருப்பை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

படி 7: ஏறும் நாட்கள்

ஹோர்ட்டன் சமவெளிச் சுற்று 9 கிலோமீற்றருக்கு மேல். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஆயிரக்கணக்கான படிகள். இந்த நாட்களில் பட்டினி கிடக்காதீர்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஏறி, இறங்கியதும் கடையில் உட்கார்ந்தால் கை நிற்காது. ஏறுமுன் இரண்டு வாழைப்பழம், வழியில் ஒரு கச்சான் பொட்டலம், ஒரு டப்பா அவித்த கடலை: 400 முதல் 500 கலோரி. இது கூடுதல், வழக்கமான சாப்பாட்டைக் குறைக்க வேண்டியதில்லை. ஹோர்ட்டன் வாசலில் பொலித்தீனைப் பரிசோதித்து எடுத்துவிடுவார்கள், ஆகவே டப்பாவிலோ வாழையிலையிலோ கொண்டுபோங்கள்.

கவனிக்க வேண்டியது மறுநாள். கால் வலியில் அறையிலேயே இருப்பீர்கள், பசி மட்டும் நேற்றைய பசியாக இருக்கும். அன்று கூடுதல் பொட்டலம் இல்லை.

குளிரில் தாகம் தெரியாது. தாகம் பசிபோலவும் தோன்றலாம். கொதித்தாறிய நீர் இரண்டு லீற்றர் குடித்தால் மலச்சிக்கலுக்கும் நல்லது.

படி 8: சொந்தக்காரர் வீட்டில்

லயத்திலோ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) டவுன் வீட்டிலோ, வந்தவரைச் சும்மா அனுப்ப மாட்டார்கள். "டயட்" என்று சொன்னால் வீட்டுக்காரருக்கு மனம் சுருங்கும். வேண்டாம் என்பதற்குப் பதில் வேறொன்றைக் கேளுங்கள்: "மாமி, சோறு போதும். பருப்பு இன்னொரு கரண்டி வையுங்க." கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற விருந்தாளியை யாரும் குறை சொல்வதில்லை. தட்டைச் சீக்கிரம் காலியாக்காதீர்கள், காலித் தட்டு நிரம்பிவிடும்.

படி 9: திரும்பி வந்து நிறுத்துப் பார்ப்பது

வந்த அன்று தராசில் ஏறாதீர்கள். ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ கூடக் காட்டலாம், அதில் பெரும்பகுதி நீர். உப்பு நீரைப் பிடித்து வைக்கும். உடம்பில் சேரும் ஒவ்வொரு கிராம் மாச்சத்துச் சேமிப்பும் மூன்று கிராம் அளவு நீரையும் தூக்கி வரும். இதைக் கண்டு பதறிப் பட்டினி கிடந்து, மூன்றாம் நாள் அலமாரியைக் காலிசெய்வதுதான் வழக்கமான விபத்து.

நாலாம், ஐந்தாம், ஆறாம் நாள் காலையில், போகுமுன் செய்த அதே முறையில் நிறுத்துச் சராசரி எடுங்கள். இடுப்பு டேப்பும் அதே மட்டத்தில். அரைக் கிலோவுக்குள் வித்தியாசமென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்கு மேலென்றால் இரண்டு கிழமைக்கு நாளுக்கு 300 கலோரி குறையுங்கள்: தேத்தண்ணிச் சீனி முழுதாக நிற்கட்டும், இரவு ரொட்டிக்குப் பதில் அந்தப் பிளாஸ்க் பருப்பு. வீடு கொழும்பில் என்றால் ஒரு மணிநேரத்தில் வெந்துவிடும்.