ஆஸ்திரேலியாவைக் கேம்பர்வேனில் சுற்றிவர எந்தப் பருவம் ஏற்றது? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஆஸ்திரேலியாவைக் கேம்பர்வேனில், அதாவது உள்ளேயே உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டியில், முழுச் சுற்றாகச் சுற்றிவர நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த மாதம் புறப்படலாம்?" என்பதுதான். நாட்டைச் சுற்றிச் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 14,500 கி.மீ. நீளமுடையது. அதன் வடகோடியில் பருவமழை கொட்டும் வெப்பமண்டலம் இருக்கிறது. தென்கோடியில் குளிர்காலத்தில் மலைமுகடுகளில் பனி படியும் டாஸ்மேனியா இருக்கிறது. இந்த இரண்டுக்கும் பொருந்தும் ஒரே மாதம் கிடையாது. ஆகவே புறப்படும் மாதத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, வடக்கே டார்வின் பகுதியில் இருக்க வேண்டிய மாதத்தை முதலில் முடிவு செய்து, மற்ற மாதங்களை அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிக்கொள்வதே சரியான முறை என்பது என் கருத்து.

படி 1: இரண்டு பருவ அட்டவணைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

மே மாதம் என்றால் கத்திரி வெயில், மார்கழி என்றால் பனி என்று வளர்ந்தவர்களுக்கு இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கும். சிட்னி, மெல்பர்ன், அடிலெய்டு, பெர்த் ஆகிய நகரங்கள் உள்ள தென்பாதியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். வடக்கில் இந்த நான்கு பருவக் கணக்கு செல்லாது. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம் என்று இரண்டே பருவங்களாகத்தான் மக்கள் பேசுகிறார்கள். டார்வினில் ஆண்டுக்குச் சுமார் 1,700 மி.மீ. மழை பெய்கிறது என்றாலும், அதில் பெரும்பகுதி மழைக்காலத்து மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஜூலையில் வானம் ஏறக்குறைய துடைத்துவிட்டது போல இருக்கும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை புயல் பருவமாகவும் கணக்கிடப்படுகிறது. 1974ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளின் அதிகாலையில் டார்வின் நகரின் பெரும்பகுதியை அழித்த டிரேசி புயல் இந்தப் பருவத்தில்தான் வந்தது.

டார்வினுக்குக் கிழக்கே காக்காடு தேசியப் பூங்கா அமைந்துள்ள நிலத்தின் தொல்குடி மக்களான பினிஞ், முங்குய் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். கார், கூதிர் தொடங்கி ஆறு பெரும்பொழுதுகளைச் சொன்ன தமிழருக்கு இந்தப் பகுப்பு எளிதில் விளங்கும். பயணிகளுக்கும் இது, மழைக்காலம், வறண்ட காலம் என்ற இரண்டு சொற்களைவிடப் பயனுள்ளது. ஏனெனில் மழை ஓய்ந்தும் ஈரப்பதம் குறையாத மே மாதத்தையும், ஜூன் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையுள்ள குளிர்ந்த நாட்களையும், அதற்குப் பின் அக்டோபர் நடுப்பகுதி வரை நீளும் கடும் வறட்சியையும் அது தனித்தனியாகக் காட்டுகிறது.

படி 2: வடக்கே இருக்க வேண்டிய மாதத்தைக் குறியுங்கள்

முழுத் திட்டமும் இந்த ஒரு படியைப் பொறுத்தே அமையும் என்பதால் இதற்கு அதிக நேரம் செலவிடுங்கள். மழைக்காலத்தில் வடக்கே செல்வது சிரமம் மட்டுமல்ல, பல இடங்களில் முடியாத காரியம். ஆறுகள் பெருகினால் நெடுஞ்சாலைகள் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ மூடப்படும். 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியான கிம்பர்லி பகுதியில் ஏற்பட்ட வெள்ளம் ஃபிட்ஸ்ராய் கிராஸிங் ஊரின் நெடுஞ்சாலைப் பாலத்தையே சிதைத்தது; புதிய பாலம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. அங்கே மாற்றுவழி என்பது பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப் போவதல்ல, பல ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டுவது.

வறண்ட காலத்துக்குள்ளும் எந்த மாதம் என்பதில் ஒன்றைப் பெற மற்றொன்றை விட வேண்டியிருக்கிறது. மே மாதத்தில் அருவிகளில் நீர் நிறைந்திருக்கும். ஆனால் அவற்றுக்குச் செல்லும் மண்சாலைகள் பல மூடியே இருக்கும். காக்காடு பூங்காவின் ஜிம் ஜிம் அருவிக்கான பாதை, வெள்ளம் வடிந்து, மழைக்காலத்தில் உள்ளே வந்த முதலைகள் நீர்நிலைகளில் தங்கியிருக்கின்றனவா என்று பூங்கா ஊழியர்கள் பார்த்து முடித்த பிறகே திறக்கப்படும். செப்டம்பரில் பாதைகள் எல்லாம் திறந்திருக்கும். அருவியோ மெலிந்து நூலாகியிருக்கும், சில ஆண்டுகளில் வற்றியே போயிருக்கும். அருவியும் பாதையும் ஓரளவு ஒன்றாகக் கிடைப்பது ஜூன், ஜூலை மாதங்களில்தான்.

அந்தப் பாதை நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளுக்கு மட்டுமே உரியது என்பதையும், வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண கேம்பர்வேன்களை மண்சாலையில் ஓட்டப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். சாதாரண வண்டி வைத்திருப்பவர்களுக்கு டார்வினுக்குத் தெற்கே உள்ள லிட்ச்ஃபீல்டு பூங்கா நல்ல மாற்று. அங்கே ஃபுளோரன்ஸ், வாங்கி அருவிகளுக்குத் தார்ச்சாலையிலேயே போய்விடலாம். மண்சாலையை நம்பாத பயணம் என்றால் ஜூன் தொடக்கத்திலேயே டார்வின் சேருவது நல்லது. கிம்பர்லியின் சுமார் 660 கி.மீ. நீளமுள்ள கிப் ரிவர் சாலை உங்கள் கனவு என்றால், தகுந்த வண்டியுடன் ஜூலையைக் குறிப்பது பாதுகாப்பானது.

படி 3: அந்த மாதத்திலிருந்து பின்னோக்கியும் முன்னோக்கியும் எண்ணுங்கள்

சிட்னியிலிருந்து புறப்படுவதாகவும், ஜூலையில் டார்வினில் இருக்க விரும்புவதாகவும் வைத்துக்கொள்வோம். சிட்னி முதல் கெய்ன்ஸ் வரை கிழக்குக் கடற்கரை வழியே சுமார் 2,500 கி.மீ.; அங்கிருந்து டவுன்ஸ்வில், மவுண்ட் ஐசா வழியாக டார்வினுக்கு மேலும் சுமார் 2,800 கி.மீ. ஆகும். ஊர்களில் தங்கிப் பார்த்துச் செல்வதற்கு இந்தத் தொலைவுக்கு மூன்று மாதங்கள் ஒதுக்கலாம் என்பதால், ஏப்ரல் நடுப்பகுதியில் சிட்னியை விட்டுப் புறப்பட வேண்டும். குவின்ஸ்லாந்தின் வடபகுதிக் கடலில் நச்சுத்தன்மை மிக்க பெட்டி ஜெல்லிமீன்கள் பொதுவாக நவம்பர் முதல் மே வரை காணப்படும் என்பதால், ஜூனில் கெய்ன்ஸை அடைவது கடலில் இறங்க நினைப்பவர்களுக்கும் பொருத்தமாக அமைகிறது.

டார்வினுக்குப் பிறகு ஆகஸ்டில் கிம்பர்லியின் கடற்கரை ஊரான புரூம், செப்டம்பரில் மேற்குக் கரை என்று இறங்கினால் காட்டுப்பூக்களும் உங்களோடு தெற்கே வரும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பூக்காலம் வடக்கே பில்பராவில் குளிர்காலத்திலேயே தொடங்கி, ஆகஸ்ட், செப்டம்பரில் கல்பாரி, முல்லேவா பகுதிகளுக்கு நகர்ந்து, அக்டோபர், நவம்பரில் தென்கரையில் முடிகிறது. திமிங்கிலச் சுறாக்களோடு மேற்குக் கரையின் நிங்கலூ பவளத்திட்டில் நீந்துவது மட்டும் இந்த அட்டவணையில் விட்டுப்போகும். அவற்றின் காலம் மார்ச் முதல் ஜூலை வரை. அதுவே உங்கள் முதல் ஆசை என்றால் எதிர்த்திசையில் போகவேண்டும். அப்போது மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களைக் கழித்து, டார்வினை ஜூன் இறுதியில் அடையலாம்.

பெர்த்தை அக்டோபரில் அடைந்து, நல்லார்பார் சமவெளியை நவம்பருக்குள் கடந்துவிட்டால், கோடையின் உச்சத்தில் அந்த மரமற்ற வெளியில் சிக்காமல் டிசம்பரில் தென்கிழக்கு மாநிலங்களுக்கு வந்து சேரலாம். வடக்கில் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்லும் இந்தத் திசையில், வறண்ட காலத்தில் வீசும் தென்கிழக்குக் காற்று வண்டிக்குப் பின்னாலிருந்து தள்ளும். உயரமான கேம்பர்வேனுக்கு எரிபொருள் கணக்கில் இது சிறிய விஷயமல்ல.

படி 4: நடுநிலத்துப் பாலைவனத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள்

நாட்டின் நடுவே உள்ள உலுரு என்ற பெரும் செம்பாறை, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரம் ஆகிய இடங்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 36 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். உலுரு பூங்காவில் 36 டிகிரி எட்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் காற்றுப் பள்ளத்தாக்கு நடைபாதையின் பெரும்பகுதி முற்பகல் 11 மணிக்கே மூடப்படும். பாலைவனம் என்பதால் கோடையில் மழைப் பயம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2022 ஜனவரியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் பெய்த பெருமழையால், நாட்டின் நடுவே தெற்கு வடக்காக டார்வின் வரை செல்லும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டது.

படி 5: பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பத்தைப் பாருங்கள்

பயணத் தளங்கள் பகல் வெப்பநிலையைத்தான் பெரிதாகக் காட்டுகின்றன. வண்டிக்குள் உறங்குபவருக்கு முக்கியமானது இரவின் குறைந்தபட்ச அளவு. ஆஸ்திரேலிய வானிலைத் துறை ஒவ்வோர் ஊருக்கும் மாதவாரியான சராசரிகளை வெளியிடுகிறது. உங்கள் பாதையில் உள்ள ஊர்களுக்கு அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் எடுத்து எழுதிப் பாருங்கள். டார்வினில் ஜூலை இரவு 20 டிகிரிக்கு அருகே இருக்கும்; கூரைச் சாளரத்தைத் திறந்து வைத்தாலே போதும். ஜனவரி இரவின் சராசரிக் குறைந்தபட்சமே 25 டிகிரி அளவில் இருக்கும், ஈரப்பதமும் மிகுதி. வண்டியின் 12 வோல்ட் பேட்டரியால் சிறு மின்விசிறியை இரவு முழுவதும் ஓட்ட முடியும், ஏசியைப் பொதுவாக ஓட்ட முடியாது. ஏசி வேண்டுமென்றால் ஒவ்வோர் இரவும் மின் இணைப்புள்ள கேரவன் பூங்காவில் பணம் கட்டித் தங்க வேண்டியிருக்கும்.

குளிர் மறுபக்கம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை இரவின் சராசரி 4 டிகிரிதான். சில இரவுகளில் உறைநிலைக்கும் கீழே போகும். அந்தக் குளிரில் மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து மெத்தைவரை இறங்கும் என்பதால், சாளரத்தைச் சற்றே திறந்து வைத்து, நல்ல கம்பளியோ உறக்கப் பையோ கொண்டு சமாளிப்பதே வழி. சமையல் அடுப்பை எரியவிட்டு வண்டியைச் சூடாக்குவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பகலின் நீளத்தையும் இதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டில் டிசம்பரில் பகல் 15 மணி நேரத்துக்கு மேல். ஜூனில் 9 மணி நேரம்தான். மெல்பர்னில் ஜூன் மாதம் மாலை ஐந்தைத் தாண்டியவுடன் இருட்டிவிடும். கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரமும் அதுவே என்பதால் அதற்குள் வண்டியை நிறுத்தியாக வேண்டும். கூரையில் உள்ள சூரியத் தகடும் அந்த மாதத்தில் பாதி வேலைகூடச் செய்யாது.

படி 6: பள்ளி விடுமுறைகளைக் குறுக்கே போட்டுப் பாருங்கள்

ஜூன் இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை மாநிலங்களின் பள்ளி விடுமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். தெற்கின் குளிருக்குத் தப்பி வடக்கே வரும் ஓய்வு பெற்றவர்களும் அப்போது புரூமிலும் டார்வினிலும் நிறைந்திருப்பார்கள். அந்த வாரங்களுக்கான இடங்களைப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்யுங்கள். மற்ற வாரங்களைத் திறந்து விடுங்கள். ஈஸ்டர் வாரமும், டிசம்பர் இறுதி முதல் ஜனவரி முடிய உள்ள காலமும் இதேபோல் நெரிசலானவை, அவற்றுக்கும் முன்பதிவு தேவை. டாஸ்மேனியாவுக்கு ஜீலாங் துறைமுகத்திலிருந்து வண்டியை ஏற்றிச் செல்லும் கப்பலில் அப்போது இடம் கிடைப்பது கடினம்.

படி 7: விடுப்பு குறைவு என்றால் நிலப்பரப்பைக் குறையுங்கள்

ஆஸ்திரேலியாவில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள நம் குடும்பங்களுக்கு நீண்ட விடுமுறை டிசம்பர், ஜனவரியில்தான் கிடைக்கும். அந்த மாதங்களில் வடக்கை மறந்துவிட்டு டாஸ்மேனியா, விக்டோரியாவின் பெருங்கடல் சாலை, தெற்கு ஆஸ்திரேலியக் கடற்கரை என்று திட்டமிடுங்கள். அப்போது கவனிக்க வேண்டியது காட்டுத்தீ. 2020 ஜனவரியில் விக்டோரியாவின் மல்லகூட்டா ஊரில் சிக்கியவர்களைக் கடற்படைக் கப்பல் வந்து மீட்க வேண்டியிருந்தது. தீ அபாய அளவு 'பேரழிவு' என்று அறிவிக்கப்படும் நாளில் காட்டுப் பகுதியில் முகாம் இருக்கக் கூடாது. முழுத் தீத் தடை உள்ள நாளில் வெளியே எரிவாயு அடுப்பு பற்றவைக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், அன்றன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலையின் இரண்டு வாரங்கள் மட்டுமே கிடைக்கும் என்றால், டார்வினுக்கு விமானத்தில் சென்று அங்கேயே வண்டி எடுப்பது நல்லது. பருவம் மாறும்போது வாடகை நிறுவனங்கள் தங்கள் வண்டிகளை வேறு நகரத்துக்கு நகர்த்த மிகக் குறைந்த வாடகைக்கு ஓட்டுநர் தேடுவதும் உண்டு. ஆனால் குறித்த நாளுக்குள் வண்டியைச் சேர்ப்பித்தாக வேண்டும் என்பதால், வழியில் நின்று பார்க்க விரும்புபவர்களுக்கு அது சரிப்படாது.

படி 8: ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் சாலை நிலையைச் சரிபாருங்கள்

சராசரிகள் திட்டமிடத்தான் உதவும். மழைக்காலம் ஏப்ரல் 30 அன்று சொல்லிவைத்தாற்போல் நின்றுவிடாது. மாநில அரசுகள் வெளியிடும் சாலை நிலை அறிக்கைகளையும் வானிலைத் துறையின் ஏழு நாள் முன்னறிவிப்பையும், அலைபேசித் தொடர்பு உள்ள கடைசி ஊரிலேயே பார்த்துவிடுங்கள். டவுன்ஸ்வில், கேத்தரின், குனனர்ரா, நார்ஸ்மன் ஆகியவை இதற்கு ஏற்ற நிறுத்தங்கள். சாலை மூடப்பட்டதாக அறிவிப்புப் பலகை இருந்தால், தண்ணீர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதைத் தாண்டி ஓட்டாதீர்கள். அபராதம் உண்டு, வாடகை வண்டி என்றால் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். இப்படிப்பட்ட காத்திருப்புகளுக்கென்று வடக்குப் பகுதிக்கான நாட்களில் ஒரு வாரத்தையாவது எதற்கும் ஒதுக்காமல் காலியாக விட்டு வையுங்கள்.