ஏவ்பரியில் ஒரு நாள்: இங்கிலாந்துக் கிராமப் பாதைகளில் நடக்கப் பழகுவோம்

வேலைக்கும் படிப்புக்கும் இங்கிலாந்து வந்த நம்மவர்களில் பலர் லண்டனைச் சுற்றிப் பார்க்கிறார்கள், கடற்கரைக்குப் போகிறார்கள். கிராமங்களை மட்டும் காருக்குள் இருந்தபடியே கடந்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "அது யாரோ ஒருத்தரோட வயல். நாம எப்படி உள்ள போறது?"

போகலாம். இந்த நாட்டில் தனியார் வயலின் நடுவே போகும் பொதுப்பாதையில்கூட நடக்க நமக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அப்படிப்பட்ட பாதைகளையெல்லாம் அளந்து அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிய வேண்டும் என்று 1949ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட நிர்வாகங்களுக்குக் கடமை விதித்தது. பயிருக்கு நடுவே போகும் பாதையை உழுதுவிட்டால், விவசாயி அதைக் குறித்த நாட்களுக்குள் நடக்கும்படி சரிசெய்து தர வேண்டும். அதன் அகலம் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். இது தெரிந்த பிறகுதான் எனக்கு இந்த ஊர் திறந்துகொண்டது. உங்களுக்கும் அப்படித் திறக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழகுவதற்கு நான் சொல்லும் ஊர் வில்ட்ஷயரில் உள்ள ஏவ்பரி. உலகிலேயே மிகப் பெரிய கல்வட்டத்துக்குள் வீடுகளும் மதுக்கடையும் சாலையுமாக ஒரு கிராமம் வாழ்கிறது. ஸ்டோன்ஹெஞ்சோடு சேர்த்து 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இடம் இது. ஆனாலும் இங்கே கற்களைச் சுற்றிக் கயிறு கிடையாது, வட்டத்துக்குள் நடக்கக் கட்டணமும் கிடையாது.

படி 1: முதல் நாள் இரவு மேப்பை விரியுங்கள்

அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்புளோரர் வரிசையில் 157ஆம் எண் மேப்பை வாங்குங்கள். அதில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். போனில் ஆப் இருந்தாலும் காகித மேப்பும் கையில் இருக்கட்டும். பள்ளத்தில் சிக்னல் போய்விடும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

மேப்பில் முதலில் பார்க்க வேண்டியது பச்சைக் கோடுகளை. சிறு சிறு பச்சைக் கோடுகளாக விட்டுவிட்டுப் போனால் நடப்பவர்களுக்கான பாதை. கோடுகள் நீளமாக இருந்தால் குதிரையும் சைக்கிளும் அதில் வரும். கறுப்பில் விட்டுவிட்டுப் போகும் கோடு வேறு சங்கதி. அங்கே தரையில் ஒரு தடம் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது, அதில் நடக்க உரிமை உண்டு என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் வேறொரு கிராமத்தில் கறுப்புக் கோட்டைப் பிடித்துப் போய் ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் நின்றேன். வீட்டுக்கார அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. என் மேப்பை வாங்கி, பச்சைக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டிவிட்டு, அந்தப் பாதை தொடங்கும் இடம்வரை கூடவே வந்தார்.

அடுத்து எழுத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். தொல்லியல் இடங்களின் பெயர்களைப் பழைய கையெழுத்துச் சுவடி போன்ற வளைந்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ரோமானியர் காலத்து இடங்களுக்கு மட்டும் நேரான எழுத்து. ஏவ்பரியைச் சுற்றி அந்த வளைந்த எழுத்து எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். குழந்தைகளிடம் கொடுத்தால் ஆர்வமாகச் செய்வார்கள். மறுநாள் எங்கே போகலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: நேரத்தையும் காலணியையும் முடிவு செய்யுங்கள்

குடும்பத்தோடு என்றால் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். கீழே சொல்லும் சுற்றுக்கு, நின்று பார்க்கும் நேரமும் சேர்த்து, ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் நிம்மதி. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டும், ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இங்கே மண்ணுக்கடியில் எல்லாம் சாக்பீஸ் போன்ற சுண்ணாம்பு. நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், அதனால் அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். மழைக்கோட்டு, தண்ணீர், சாப்பாடு. எங்கள் பையில் புளிசாதம் எப்போதும் இருக்கும்.

ரயிலில் வருபவர்கள் ஸ்விண்டனில் இறங்கி டிவைஸஸ் போகும் பேருந்தைப் பிடித்தால் அது ஏவ்பரி வழியாகத்தான் செல்லும். இறங்கியவுடன் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கல்வட்டத்தை வெளியிலிருந்து உள்ளே பாருங்கள்

நேராகக் கற்களிடம் ஓட வேண்டாம். முதலில் வட்டத்தைச் சுற்றியுள்ள மண்கரைமேல் ஏறி நில்லுங்கள். கரைக்கு உட்புறம் அகழி. இப்போது பாதி தூர்ந்து கிடக்கிறது. வெட்டியபோது ஒன்பது மீட்டர் ஆழம் இருந்தது. சுற்றளவு ஒரு கிலோமீட்டருக்கு மேல். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன், இரும்புக் கருவி ஒன்றுகூட இல்லாமல், மான் கொம்பால் சுண்ணாம்பைப் பெயர்த்து இதைத் தோண்டினார்கள். தற்காப்புக்கு என்றால் அகழி கரைக்கு வெளியே அல்லவா இருக்கும்? இங்கே உள்ளே இருக்கிறது. இது கோட்டை இல்லை என்பதற்கு அதுவே சான்று.

பிறகு இறங்கி ஒரு கல்லின் அருகே போங்கள். தொடலாம். சார்சன் என்ற இந்த மணற்கல்லில் அங்கங்கே விரல் நுழையும் அளவு துளைகள் இருக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன், இது கல்லாக இறுகும் முன்பே, மண்ணில் இறங்கிய மரவேர்களின் தடம் அது. வடக்கு நுழைவாயிலில் நிற்கும் பெரிய கல் 60 டன்னுக்கு மேல் எடையுள்ளது. நாட்டிய நாளிலிருந்து அது விழுந்ததே இல்லை என்கிறார்கள்.

தென்மேற்குப் பகுதியில் ஒரு கல்லின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 14ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் பல கற்களைச் சாய்த்துப் புதைத்தார்கள். 1938இல் அலெக்சாண்டர் கெய்லர் என்ற தொல்லியலாளர் அப்படிப் புதைந்த கல் ஒன்றை நிமிர்த்தியபோது, அடியில் ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடந்தது. அதன் அருகே ஒரு கத்தரிக்கோல், மருத்துவக் கருவி போன்ற ஒரு கூர்முனை, 1320களைச் சேர்ந்த நாணயங்கள். ஊர் ஊராகப் போய் முடி வெட்டி, ரத்தம் எடுத்து வைத்தியம் பார்த்த நாவிதர் என்று கணித்தார்கள். கல் விழுந்து இறந்தார் என்றே நெடுநாள் நம்பினார்கள். எலும்பைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், முன்பே இறந்தவரை அங்கே புதைத்திருக்கலாம் என்கிறார்கள். அந்தக் கல்லுக்கு இன்றும் அவருடைய தொழிலின் பெயர்தான்.

18ஆம் நூற்றாண்டில் நடந்தது இன்னும் கொடுமை. கல்லைச் சுற்றித் தீ மூட்டிச் சூடேற்றி, குளிர்ந்த நீரை ஊற்றிப் பிளந்து, வீடு கட்ட எடுத்துப் போனார்கள். வில்லியம் ஸ்டூக்லி என்பவர் 1720களில் அதைக் கண் முன்னே பார்த்து வரைந்து வைத்தார். இல்லாத கற்களின் இடத்தில் கெய்லர் சிறு கான்கிரீட் தூண்களை நட்டிருக்கிறார். அவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். பிறகு தெருவில் நடந்து பழைய வீடுகளின் சுவர்களைப் பாருங்கள். அதே சாம்பல் நிறக் கல்லை அடையாளம் காண்பீர்கள்.

படி 4: ஓடையோரமாகத் தெற்கே நடங்கள்

ஊரின் தென்பக்கக் கார் நிறுத்தத்துக்கு எதிரே, சாலையைக் கடந்தால் பாதை தொடங்குகிறது. கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கு, நீலம் குதிரைக்கும் சைக்கிளுக்கும். வழியில் ஒருவர் மட்டும் நுழையும் ஊசல் கதவு வரும். கதவைத் தள்ளி, உள்ளே ஒதுங்கி, மறுபக்கம் இழுத்து வெளியேற வேண்டும். மாடு நுழையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மற்ற கதவுகளை எப்படி இருந்தனவோ அப்படியே விட்டுச் செல்லுங்கள்.

பக்கத்தில் ஓடுவது கென்னட் ஆற்றின் தொடக்கம். கோடை முடிவில் வந்தால் வெறும் புல்தடம்தான் தெரியும். சுண்ணாம்புப் பாறை மழையைக் குடித்து வைத்துக்கொள்கிறது. குளிர்காலம் முழுக்கப் பெய்து நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்த பிறகுதான், பிப்ரவரி, மார்ச் வாக்கில், ஊற்றுகள் பொங்கி ஓடை நிறையும். அந்த மாதங்களில் பாதையே தண்ணீருக்குள் இருக்கலாம். வயலுக்கு மேலே விடாமல் பாடிக்கொண்டே ஒரு புள்ளியாக எழும்பும் பறவை வானம்பாடி. நின்று கேளுங்கள், மூச்சு விடாமல் பாடுவது போலவே இருக்கும்.

வலப்பக்கம் கூம்பாக எழுவது சில்பரி மேடு. 30 மீட்டருக்கு மேல் உயரம். ஐரோப்பாவில் வரலாற்றுக்கு முந்தைய மனிதர் குவித்த மேடுகளில் இதுவே பெரியது. அரசரின் சமாதி இருக்கும் என்று 1776இல் உச்சியிலிருந்து துளையிட்டார்கள், பின்பு 1849லும் 1968லும் பக்கவாட்டில் குடைந்தார்கள். எந்தச் சமாதியும் கிடைக்கவில்லை. 2000இல் அந்தப் பழைய துளை உள்ளிறங்கி உச்சியில் பெரும்பள்ளம் விழுந்தது. இதன்மேல் ஏறுவதற்குத் தடை. யாரோ ஏறிய தடம் தெரிந்தாலும் நீங்கள் ஏறாதீர்கள். அந்தப் புல்வெளியும் காக்கப்பட வேண்டிய ஒன்று.

படி 5: கல்லறை மேட்டுக்குள் போங்கள்

பிரதான சாலையைக் கடப்பதுதான் இந்த நடையிலேயே ஆபத்தான இடம். வண்டிகள் வேகமாக வரும், குழந்தைகளின் கையை விடாதீர்கள். கடந்து மேட்டேறினால் வெஸ்ட் கென்னட் நீள்மேடு. சுமார் 100 மீட்டர் நீளம், வயது 5,600 ஆண்டுக்கும் மேல். கல்வட்டத்தைவிடவும் ஆயிரம் ஆண்டு மூத்தது. முகப்புப் பெருங்கற்களைச் சுற்றி உள்ளே நுழைந்தால் ஐந்து சிறு அறைகள். குறைந்தது 36 பேரின் எலும்புகள் இங்கே கிடைத்தன. அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் வைக்கப்பட்டவர்கள்.

டார்ச் இருந்தால் உள்ளேயுள்ள கற்களில் வழவழப்பான பட்டையைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளங்கைக்குத் தெரியும். சுற்றிலும் சொரசொரப்பு, நடுவே மட்டும் அம்மிக்கல்போல் தேய்ந்திருக்கும். கல்கோடரியைத் தீட்டித் தீட்டி உண்டான தேய்மானம் அது. சிலர் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், சூட்டில் கல் வெடிக்கிறது.

வழியில் கவனிக்க

கன்றோடு நிற்கும் பசுக்கூட்டத்தின் நடுவே போகாதீர்கள், வேலியோரமாகச் சுற்றிப் போங்கள். கையில் நாய் இருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். இங்குள்ள காஞ்சொறி நம்மூர்க் காஞ்சொறிபோலவே எரியும், முழுக்கால்சட்டை நல்லது. வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறமும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதன் மூலம் வரலாம். தரையில் பழங்கல்லோ ஓட்டுச் சில்லோ கிடைத்தால் எடுத்து வராதீர்கள்.

படி 6: திரும்பி வந்து கல்வரிசையைப் பாருங்கள்

வந்த வழியே ஊருக்குத் திரும்பி, தென்கிழக்கே போகும் வெஸ்ட் கென்னட் கல்வரிசையில் ஒரு கிலோமீட்டர் நடங்கள். இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்த கற்கள், ஒரு காலத்தில் சுமார் 100 ஜோடி. ஒன்று ஒல்லியாக நெடிதாகவும் எதிரே நிற்பது பரந்து சாய்சதுரமாகவும் இருக்கும். மாலை வெயிலில் நிழல் நீளும் நேரத்தில் இதற்கு வாருங்கள். அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

பேருந்துக்கு நேரம் இருந்தால் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்குள் எட்டிப் பாருங்கள். அதன் சுவரில் 1,000 ஆண்டு பழைய சாக்சன் கட்டுமானம் இருக்கிறது. பேருந்தில் உட்கார்ந்ததும் மேப்பை எடுத்து நடந்த பாதையைப் பென்சிலால் வரையுங்கள். ஓவர்ட்டன் குன்றில் தொடங்கும் ரிட்ஜ்வே பாதை, வடமேற்கே விண்ட்மில் ஹில் என்று வளைந்த எழுத்துப் பெயர்கள் இன்னும் பல பாக்கி இருக்கும். அடுத்த சனிக்கிழமைக்கு அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.